யெல்லோஸ்டோன் போகிற ஆச்சிக்கு: மேற்கு வாசலில் தங்குவதா, வடக்கிலா, நடுவிலா?

சென்ற மாதம் தேவகோட்டை வீட்டில் படைப்பு. பந்தி முடிந்து, வளவில் பாய் விரித்து எல்லோரும் சாய்ந்திருந்த நேரத்தில் என் ஆச்சியின் மகன் சியாட்டிலிலிருந்து வீடியோ காலில் வந்தான். (எங்கள் பக்கத்தில் ஆச்சி என்றால் அக்கா, அயித்தான் என்றால் அக்கா வீட்டுக்காரர்.) ஆச்சியையும் அயித்தானையும் வரும் செப்டம்பரில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப்போகிறானாம். ஐந்து பகல், நான்கு இரவு. "சின்னத்தா, நீங்க ரெண்டு தடவை போய் வந்தவுக. எங்க ரூம் போடறதுன்னு மட்டும் சொல்லுங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான்.

"மட்டும்" என்று அவன் சொன்ன அந்த ஒரு விஷயத்தில்தான் பயணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. எங்கே தங்குகிறோம் என்பதை வைத்தே எதைப் பார்ப்போம், எதைத் தவறவிடுவோம் என்பது முடிவாகிவிடும். முதல் தடவை நான் தப்பான இடத்தில் அறை போட்டு, பாதிக்குப் பாதி கோட்டை விட்டு வந்தேன். இரண்டாம் தடவை எங்கள் அம்மாவை, 77 வயது ஆத்தாவைக் கூட்டிக்கொண்டு போனபோது மாற்றிச் செய்தேன். நம் பக்கத்தில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிற வீடுகள் எத்தனையோ. "ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டு, பெற்றவர்களை அழைத்துக்கொண்டு போகிற இடங்களில் யெல்லோஸ்டோனும் ஒன்று. அவர்களுக்கும் உதவும் என்றுதான் அவனிடம் சொன்னதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இடத்தின் அளவு மனத்தில் பதிய வேண்டும். 1872 மார்ச் 1-ஆம் தேதி அதிபர் யுலிசிஸ் கிராண்ட் கையெழுத்திட்டு உருவான பூங்கா இது. உலகத்தின் முதல் தேசியப் பூங்கா. பரப்பு கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி வயோமிங் மாநிலத்தில் இருக்கிறது. ஓரங்கள் மொன்டானாவிலும் ஐடஹோவிலும். உள்ளே ஓடும் வளையச் சாலை 8 என்ற எண்ணின் வடிவில் இருக்கும், மொத்தம் சுமார் 229 கி.மீ. பெரும்பாலான இடங்களில் வேக வரம்பு மணிக்கு 72 கி.மீ. வழியில் ஒரு பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) கூட்டம் சாலையில் ஏறி நின்றுவிட்டால் அதுவும் இல்லை. வரைபடத்தில் ஒரு சாண் தெரிவது காரில் இரண்டு மணி நேரம். காரைக்குடியில் இருந்துகொண்டு தினமும் மதுரைக்குப் போய்த் திரும்புவதுபோல் இருக்கும், இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால்.

பார்க்க வேண்டியவை மூன்று வகை. தென்மேற்கில் கீசர்களும் (கொதிநீரை உயரப் பீய்ச்சியடிக்கும் ஊற்றுகள்) வெந்நீர் ஊற்றுகளும். நடுவில் பெரிய பள்ளத்தாக்கும் அருவிகளும். வடகிழக்கில் லமார் பள்ளத்தாக்கு, அங்கே ஓநாய், கரடி, பைசன். இவை போக வடக்கு மூலையில் மாமத் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற சுண்ணாம்புப் படிக்கட்டுகள். இவை ஒன்றுக்கொன்று தூரம் என்பது ஒரு சிக்கல்தான். ஆனால் முதல் பயணத்தில் என்னைக் கவிழ்த்தது தூரம் இல்லை, நேரம்.

ஜூலையில் நானும் என் வீட்டுக்காரரும் மகளோடு போனோம். மூன்று இரவும் வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் தங்கினோம். கூட்டத்துக்கு முந்திவிட வேண்டும் என்று முதல் நாள் காலை ஏழு மணிக்கே கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றுக்குப் போய்விட்டோம். படங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்: நடுவில் ஆழ்ந்த நீலம், சுற்றிலும் மஞ்சள், ஆரஞ்சு, காவி என்று வளையம் வளையமாக. அமெரிக்காவின் மிகப் பெரிய வெந்நீர் ஊற்று அது, சுமார் 110 மீட்டர் குறுக்களவு. நாங்கள் பார்த்தது வெறும் வெள்ளைப் புகை. ஜூலையிலும் அங்கே விடியற்காலை குளிர் கடுமை. 70 டிகிரி சூட்டில் இருக்கும் தண்ணீரிலிருந்து எழும் ஆவி குளிர்காற்றில் பட்டு அப்படியே திரையாக நின்றுவிடுகிறது. மரப்பலகைப் பாதையில் முன்னால் நடந்த மகளே கண்ணுக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டு, கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினோம்.

மறுநாள் விலங்கு பார்க்கலாம் என்று லமாருக்குக் கிளம்பினோம். வெஸ்ட் யெல்லோஸ்டோனிலிருந்து அது 120 கி.மீ.-க்கு மேல். காலை ஆறரைக்குப் புறப்பட்டும் போய்ச் சேரும்போது பத்து மணி ஆகிவிட்டது, வெயில் ஏறிவிட்டது. தூரத்தில் கறுப்புப் புள்ளிகளாகப் பைசன்கள் படுத்திருந்தன, அவ்வளவுதான். பைனாகுலர் மடக்கிக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார், ஆறேகால் மணிக்கு எட்டு ஓநாய்கள் ஆற்றைக் கடந்து போனதாக. அந்த நேரத்தில் நாங்கள் விடுதியில் காபி குடித்துக்கொண்டிருந்தோம்.

ஆக, விடியலில் பார்க்க வேண்டியதை நடுப்பகலிலும், நடுப்பகலில் பார்க்க வேண்டியதை விடியலிலும் பார்த்தோம். ஊற்றின் நிறம் வெயில் உச்சிக்கு வரும்போதுதான் துலங்கும். விலங்குகள் பொழுது விடியும்போதும் சாயும்போதும்தான் நடமாடும். பள்ளத்தாக்கின் மஞ்சள் பாறைக்கு முற்பகல் வெளிச்சம் நன்றாக இருக்கும். ஓல்ட் ஃபெய்த்புல் கீசருக்கு நேரம் காலம் கிடையாது, இரவிலும் அடிக்கும். இதைப் புரிந்துகொண்டால் தங்குமிடக் கேள்விக்குப் பாதி விடை வந்துவிடுகிறது. விடியலில் பார்க்க வேண்டியதன் பக்கத்தில்தான் ராத்திரி தூங்க வேண்டும். நடுப்பகலில் பார்க்க வேண்டியது ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தாலும் கெட்டுப்போவதில்லை.

மேற்கு வாசல்

வெஸ்ட் யெல்லோஸ்டோன், மொன்டானா. சால்ட் லேக் சிட்டியிலிருந்து காரில் சுமார் ஐந்து மணி நேரம். ஊர் பூங்கா வாசலை ஒட்டியே இருக்கிறது. விடுதிகள் ஏராளம், சாப்பாட்டுக் கடைகள் உண்டு, மளிகைக் கடை உண்டு. இங்கிருந்து ஓல்ட் ஃபெய்த்புல் 48 கி.மீ. கீசர்கள் பார்க்க வேண்டும் என்பதுதான் முதல் ஆசை என்றால் இதற்கு நிகர் இல்லை.

அந்த ஆசையில் தப்பும் இல்லை. உலகத்தில் உள்ள கீசர்களில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு பூங்காவில் இருக்கின்றன. கொதிக்கும் ஊற்று, சேற்றுக்குழி, ஆவித்துளை எல்லாம் சேர்த்து 10,000-க்கு மேல். நம் குளியலறையில் மாட்டியிருக்கும் கீசருக்கு அந்தப் பெயர் வந்ததே இந்த வகை ஊற்றிலிருந்துதான். ஐஸ்லாந்தில் உள்ள ஒரு ஊற்றின் பெயர் அது. அடியில் எரிமலைச் சூடு இருக்கிறது. 6 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வெடித்துச் சரிந்த எரிமலையின் வாய்க்குள்தான் பூங்காவின் நடுப்பகுதி உட்கார்ந்திருக்கிறது. மழையும் பனிநீரும் பாறை வெடிப்பு வழியே கீழே இறங்கிச் சூடேறுகிறது. மேலே நிற்கிற தண்ணீரின் பாரம் அழுத்துவதால், கொதிநிலையைத் தாண்டியும் அடித்தண்ணீர் கொதிக்க முடியாமல் அடங்கிக் கிடக்கிறது. குழாயின் கழுத்து குறுகலாக இருக்கும் இடத்தில் கொஞ்சம் தண்ணீர் மேலே வழிந்து பாரம் குறைந்ததும், கீழே உள்ளது ஒரே நொடியில் ஆவியாகி எல்லாவற்றையும் தூக்கி அடிக்கிறது. பிரஷர் போகாத குக்கரின் மூடியைத் திறந்தால் என்ன ஆகுமோ அதுதான்.

ஓல்ட் ஃபெய்த்புல் 32 முதல் 56 மீட்டர் உயரம் வரை அடிக்கும், ஒன்றரை நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம் வரை. இப்போது சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை. போன தடவை நீண்ட நேரம் அடித்திருந்தால் அடுத்ததற்கு அதிக நேரம் காத்திருக்க வேண்டும். சட்டென்று முடிந்திருந்தால் சீக்கிரம் வரும். அதை வைத்துத்தான் அடுத்த நேரத்தைப் பத்து நிமிடம் முன்பின்னாகக் கணித்து எழுதிப் போடுகிறார்கள். சுற்றிலும் அரைவட்டமாகப் பெஞ்சுகள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதைவிட வசதியான அதிசயம் வேறில்லை. சமதளம், உட்கார இடம், கழிப்பறை பக்கத்தில். நாரிஸ் பக்கத்தில் ஸ்டீம்போட் என்று ஒன்று இருக்கிறது. இப்போது இயங்குவதில் உலகத்திலேயே உயரமானது, 90 மீட்டரைத் தாண்டும். ஆனால் அது எப்போது பெரிதாக அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதை நம்பி ஒரு நாளை ஒதுக்காதீர்கள்.

ஆத்தாவுக்கு ஓல்ட் ஃபெய்த்புல்லைவிடப் பிடித்தது ஃபவுண்டன் பெயின்ட் பாட் என்ற சேற்றுக்குழி. அமிலம் பாறையைக் கரைத்து உண்டான வெள்ளைக் களிமண் குழம்பு. கீழிருந்து வரும் ஆவி அதை மெதுவாக உப்ப வைத்து, குமிழ் பெரிதாகி, 'ப்ளக்' என்று உடைந்து, சுற்றிலும் தெறித்து, அந்த இடத்தில் வட்டம் விழுந்து, மறுபடி உப்பும். ஆத்தா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் அசையவில்லை. "கும்மாயம் இறுகி வர்ற பதத்துல இப்படித்தாண்டி வெடிக்கும், கையில தெறிச்சாப் பொத்துப்போகும்" என்றாள். அதற்குப் பிறகு எந்தப் பலகையிலும் அவள் ஓரமாக நடக்கவில்லை. அது சரியான பயம். வெள்ளையாகக் கெட்டியாகத் தெரியும் தரை பல இடங்களில் மெல்லிய ஏடு, கீழே கொதிநீர். பாதையை விட்டு இறங்கி வெந்து இறந்தவர்கள் இந்தப் பூங்காவின் வரலாற்றில் 20 பேருக்கு மேல். 2024 ஜூலையில் பிஸ்கட் பேசின் என்ற இடத்தில் பட்டப்பகலில் நிலத்தடி நீர் வெடித்துப் பாறைகளை வீசி மரப்பாதையையே உடைத்துப்போட்டது. பேரப்பிள்ளைகள் கையை விடாதீர்கள். காசு போடும் பழக்கமும் வேண்டாம். மார்னிங் குளோரி என்ற ஊற்றில் வந்தவர்கள் போட்ட காசும் குப்பையும் துளையை அடைத்து, தண்ணீரின் சூடு குறைந்து, நீலமாக இருந்த குளத்தின் ஓரம் மஞ்சளாகிவிட்டது.

அந்த நிறங்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கிராண்ட் பிரிஸ்மாட்டிக்கின் மஞ்சளும் ஆரஞ்சும் சாயம் இல்லை, உயிர். நடுவில் சூடு அதிகம், நிறம் தரும் உயிர்கள் அங்கே வாழாது, அதனால் தெளிந்த நீலம். ஓரத்துக்கு வர வர சூடு குறைகிறது. ஒவ்வொரு சூட்டுக்கும் ஒவ்வொரு வகை நுண்ணுயிர், ஒவ்வொரு நிறம். 1966-இல் தாமஸ் பிராக் என்ற விஞ்ஞானி இந்தப் பகுதியின் வெந்நீர்க் குட்டை ஒன்றில் எடுத்த பாக்டீரியாவிலிருந்து கிடைத்த நொதிதான், பிசிஆர் பரிசோதனை இன்று பரவலாக நடப்பதற்கு வழி செய்தது. சூட்டில் கெடாத நொதி அந்தப் பரிசோதனைக்கு வேண்டியிருந்தது. வெந்நீரில் வாழும் உயிரிடம் அது இருந்தது. கொரோனா காலத்தில் நம் எல்லோர் மூக்கிலும் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தப் பரிசோதனைதான். இதைச் சொன்னபோது ஆத்தா அந்தக் குளத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

இத்தனை இருந்தும் மேற்கிலேயே எல்லா இரவும் தங்குவது சரியில்லை. காலையில் வாசலில் கார் வரிசை. ஆண்டுக்கு 40 லட்சம் பேருக்கு மேல் வருகிற பூங்காவில், கூட்டம் அதிகம் நுழைகிற வாசல் இது. ஜூலையில் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் வண்டி நிறுத்துமிடத்துக்கு நாற்பது நிமிடம் காத்திருந்தோம். எல்லாவற்றுக்கும் மேல், லமார் எட்டாத தூரம்.

வடக்கு வாசல்

கார்டினர் சின்ன ஊர். 1903-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அடிக்கல் வைத்த கல்வளைவு ஒன்று வாசலில் நிற்கிறது; "மக்களின் நன்மைக்கும் மகிழ்ச்சிக்கும்" என்ற பொருளில் அதன் நெற்றியில் பொறித்திருக்கிறார்கள். இங்கிருந்து மாமத் 8 கி.மீ., லமார் ஒரு மணி நேரம். ஓல்ட் ஃபெய்த்புல் 90 கி.மீ., இரண்டு மணி நேரம் ஆகும். 2022 ஜூன் வெள்ளத்தில் வாசல் சாலை அடித்துக்கொண்டு போய், அந்த ஆண்டு அக்டோபருக்குள் மலைமேல் பழைய பாதையை அகலப்படுத்தித் திறந்துவிட்டார்கள். அதனால் இப்போது போவதற்குத் தடை இல்லை. உயரமும் நமக்குச் சாதகம். கார்டினர் சுமார் 1,600 மீட்டர். வெஸ்ட் யெல்லோஸ்டோன் 2,000 மீட்டரைத் தாண்டும், பூங்காவின் நடுவில் உள்ள கேன்யன் வில்லேஜ் ஊட்டியைவிட உயரம். கடல்மட்டத்துக்குப் பக்கத்திலேயே வாழ்ந்த நுரையீரலுக்கு ராத்திரித் தூக்கத்தில் அந்த வித்தியாசம் தெரியும். அயித்தானுக்கு மூச்சிரைப்பு உண்டு என்பதால் இதை அழுத்திச் சொன்னேன்.

இனி லமார். இரண்டாம் பயணம், செப்டம்பர் இரண்டாம் வாரம். அதிகாலை ஐந்தரைக்குக் கார்டினரில் காரை எடுத்தோம். ஆத்தா சேலைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் என் மருமகனின் ஜாக்கெட், தலையில் கம்பளித் தொப்பி. ஃபிளாஸ்கில் சுக்குக் காபி. இருட்டில் போய்ச் சேர்ந்தபோது சாலையோரத் திட்டில் ஏற்கெனவே ஏழெட்டுக் கார்கள், முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கிகள், யாரும் சத்தமாகப் பேசவில்லை. நம் ஊர்க் கோயிலில் பள்ளியறைக் கதவு திறக்கக் காத்திருப்பார்களே, அந்த அமைதி. கீழே புல்வெளி முழுக்கப் பனி வெள்ளையாக உறைந்திருந்தது. முதலில் சத்தம்தான் வந்தது. ஒன்று ஊளையிட, இன்னொன்று சேர, மூன்றாவது வேறு சுதியில் எடுக்க, பள்ளத்தாக்கு முழுக்க நிறைந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் தன் தொலைநோக்கியின் உயரத்தை ஆத்தாவுக்குத் தக்கபடி இறக்கி வைத்து, வாங்க என்று கையைக் காட்டினார். ஆத்தா கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் நான்கு, கறுப்பில் இரண்டு. வெறுங்கண்ணுக்கு அவை கடுகளவு கூட இல்லை. ஆத்தா நிமிரவே இல்லை. "ஒண்ணு படுத்துக்கிட்டுத் தலையைத் தூக்கிப் பாக்குது. குட்டி ஒண்ணு அதும்மேல ஏறுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சுற்றி நின்ற ஒருவருக்கும் தமிழ் தெரியாது, ஆனாலும் எல்லோரும் சிரித்தார்கள்.

இந்த ஓநாய்கள் அங்கே தொடர்ந்து இருந்தவை இல்லை. வேட்டையாடி 1920-களில் பூங்காவில் பூண்டோடு அழித்துவிட்டார்கள். 1995-இல் கனடாவிலிருந்து 14, அடுத்த ஆண்டு 17 என்று கொண்டுவந்து விட்ட பிறகு பெருகியவை. பைசன் கதையும் அப்படித்தான். 1902-இல் இரண்டு டஜன் அளவில் மிஞ்சியிருந்தவை இன்று ஆயிரக்கணக்கில் மேய்கின்றன. மனிதன் கெடுத்ததை மனிதனே திரும்பக் கட்டியெழுப்பிய இடம் என்பதால் லமார் எனக்குக் கீசர்களைவிடப் பெரிது. இருப்பது ஒரே நாள் என்றால் நான் அங்கேதான் போவேன்.

பைசன் விஷயத்தில் நம் ஆட்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மாடு என்றால் ஒரு தைரியம் தன்னால் வந்துவிடும். பைசன் ஆண் 900 கிலோ வரை வளரும். சோம்பலாக நிற்பதுபோல் தெரியும், மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் ஓடும். வாலைத் தூக்கினால் கோபம் என்று அர்த்தம். பைசன், எல்க் மான் போன்றவற்றிலிருந்து 23 மீட்டர், ஓநாய், கரடியிலிருந்து 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். அயித்தான் போட்டோவுக்காக நாலு எட்டு முன்னால் போகிறவர். அவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன்.

மாமத்தை அரை நாளில் பார்த்துவிடலாம். கீசர் பக்கத்தில் தண்ணீர் கொண்டுவருவது சிலிக்கா. இங்கே தண்ணீர் அடியில் உள்ள சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து மேலே கொண்டுவந்து படிய வைக்கிறது. தளம் தளமாக, ஓரத்தில் விளிம்பு கட்டி, தெப்பக்குளத்துப் படிபோல் இறங்குகிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சின் வழவழப்பை நம் வீட்டுச் சுவரில் தொட்டுப் பழகியவர்களுக்கு, ஈரமான தளத்தைப் பார்த்ததும் அது நினைவு வரும். ஆனால் ஊற்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் விட்டுப்போன தளம் சாம்பல் பூத்துக் கிடக்கும். பழைய படங்களை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். செப்டம்பரில் மாமத் புல்தரைக்கே எல்க் மான்கள் இறங்கி வந்து ஆண்கள் கூவுகின்றன. அந்த உடம்புக்கும் அந்தக் குரலுக்கும் பொருத்தமே இல்லை, குழல் ஊதுவதுபோல் உயர்ந்து முடியும்.

கார்டினரின் குறை, கடைகள் குறைவு. சமையலறையோடு வீடு வாடகைக்குக் கிடைக்கும். நம்மவர்களுக்கு அதுவே நல்லது.

நடுவில்

ஆச்சி மகன் முதலில் கேட்டது கேன்யன் வில்லேஜ். வரைபடம் பார்க்கும் யாரும் அதைத்தான் சொல்வார்கள். எட்டு வடிவச் சாலையின் இடுப்பில் இருக்கிறது. ஹெய்டன் பள்ளத்தாக்கு பத்துப் பதினைந்து நிமிடம். பைசனும் கரடியும் அங்கேயும் உண்டு. லமார் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், ஓல்ட் ஃபெய்த்புல் 68 கி.மீ. வாசல் வரிசை என்ற தொல்லையே இல்லை. யெல்லோஸ்டோன் ஆறு 94 மீட்டர் விழும் கீழ் அருவி கூப்பிடு தூரம். ஆர்ட்டிஸ்ட் பாயின்ட் என்ற இடத்தில் காரை நிறுத்தி, நல்ல பாதையில் சில நிமிடம் நடந்தால் போதும். பாறைச் சுவர் மஞ்சளும் செம்மஞ்சளுமாக, நடுவே அருவி வெள்ளைக் கோடாக நிற்கும். வெந்நீரும் ஆவியும் நெடுங்காலமாகப் பாறையை வேக வைத்து இரும்புச் சத்தைத் துருப்பிடிக்க விட்டதால் வந்த நிறம் அது. அருவி விழும் உச்சிக்கே இறங்கும் பாதையும் உண்டு. ஆச்சியின் முழங்காலுக்கு அது ஆகாது. இறங்குவது சுலபம், ஏறுவதற்குள் மூச்சு வாங்கும்.

எதிராகச் சொல்ல வேண்டியவை: அறைகள் ஓராண்டுக்கு முன்பே தீர்ந்துவிடும். போன் சிக்னல் நம்பத்தக்கதில்லை. சமைக்க வசதி இல்லை. செப்டம்பர் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும், உயரமும் அதிகம். லமாருக்குப் போகும் குறுக்கு வழி டன்ரேவன் கணவாய், சுமார் 2,700 மீட்டர். பனி விழுந்தால் மூடிவிடுவார்கள். ஜூலையில் பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் கேன்யன்தான் சொல்வேன். வாசல் கூட்டம் தவிர்வதே பெரிய லாபம். செப்டம்பரில் 67 வயது அயித்தானோடு போகும்போது சொல்ல மாட்டேன்.

ஓல்ட் ஃபெய்த்புல்லை ஒட்டியே 1904-இல் திறந்த மர விடுதி ஒன்று இருக்கிறது. பர்மாத் தேக்கு கப்பலேறி வந்து நம் வீடுகளுக்குத் தூணாகிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே சுற்றுக்காட்டு மரத்தையே வளைவு நெளிவோடு அப்படியே தூணாகவும் கைப்பிடியாகவும் நிறுத்திக் கட்டியிருக்கிறார்கள். அறை கிடைத்தால் ஒரு இரவு தங்குங்கள். கிடைக்காவிட்டால் உள்ளே போய் அந்தக் கூடத்தில் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாலும் போதும்.

டூர் பஸ்ஸையும் யோசித்தார்கள். வண்டி ஓட்டும் சிரமம் இல்லை என்பது உண்மை. எங்களுக்குத் தெரிந்த காரைக்குடித் தம்பதி அப்படிப் போனார்கள். ஓல்ட் ஃபெய்த்புல் ஒரு மணி நேரம், அருவி அரை மணி நேரம், மற்றதெல்லாம் ஜன்னல் வழியே. லமார் பட்டியலிலேயே இல்லை. விடிவதற்கு முன் நாற்பது பேரைக் கிளப்பிக்கொண்டு போக எந்த பஸ்ஸாலும் முடியாது. பிள்ளைகள் ஓட்டத் தயாராக இருக்கும்போது பஸ் வேண்டாம்.

மாதத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். இங்கே படிக்கும் பிள்ளைகளோடு போக நமக்கு மே மாதம்தான் கிடைக்கும். பைசன் கன்றுகள் செம்மண் நிறத்தில் தாயோடு ஓடும், கரடிகள் குட்டிகளோடு வெளியே வரும், கூட்டம் குறைவு. ஆனால் டன்ரேவன் கணவாய் பெரும்பாலும் மே கடைசி வரை திறக்காது. கரடி நடமாட்டத்தால் கிராண்ட் பிரிஸ்மாட்டிக்கை மேலிருந்து பார்க்கும் பாதையும் மே கடைசி வாரம்வரை மூடியிருக்கும். ஜூலை, ஆகஸ்ட்டில் எல்லாம் திறந்திருக்கும், கூட்டமும் இருக்கும். செப்டம்பர் முதல் பாதி எல்லாவற்றிலும் நல்லது, குளிருக்குத் துணி இருந்தால். நவம்பர் தொடங்கினால் வடக்கு வாசலிலிருந்து லமார் வழியாகப் போகும் சாலை தவிர மற்றவை காருக்கு மூடப்படும்.

கட்டணத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும். காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல் என்று வந்திருக்கிறது. விசிட்டர் விசாவில் போகும் பெற்றவர்கள் அதில் வருவார்கள்.

எல்லாம் சேர்த்து நான் அவனுக்கு எழுதிக்கொடுத்தது இதுதான். முதல் இரண்டு இரவு மேற்கில், அடுத்த இரண்டு இரவு வடக்கில். போன வழியே திரும்புவது வேண்டாம். மேற்கு வாசலில் நுழைந்து, முழுதாக ஒரு நாள் கீசர்களுக்கு: காலையில் ஓல்ட் ஃபெய்த்புல், பன்னிரண்டு மணிவாக்கில் கிராண்ட் பிரிஸ்மாட்டிக். ஃபேரி ஃபால்ஸ் பக்கம் காரை நிறுத்தினால் மேலிருந்து பார்க்கும் மேட்டுக்கு ஒரு கிலோமீட்டர் நடை. கடைசியில்தான் ஏற்றம், உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினால் ஆச்சியால் முடியும். ஆத்தாவே ஏறினாள். மூன்றாம் நாள் நாரிஸ், கேன்யன், டன்ரேவன் வழியாகக் கார்டினர். இடையில் நிறுத்தங்களோடு முழுப் பகல் பிடிக்கும். நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் விடியலில் லமார். ஒரு நாள் போதாது. மேகமோ மூடுபனியோ இருந்தால் ஒன்றும் தெரியாது, இரண்டாம் நாள் கைகொடுக்கும். மாமத்துக்கு நான்காம் நாள் பிற்பகல். ஐந்தாம் நாள் லமார் முடித்து, பகலில் போஸ்மன் விமான நிலையம், அது கார்டினரிலிருந்து சுமார் 145 கி.மீ. சியாட்டிலிலிருந்து காரிலேயே வந்தாலும் அந்தப் பக்கம்தான் திரும்பும் வழி.

புளியோதரை, இட்லிப் பொடி, சீப்புச் சீடை, முறுக்கு எல்லாம் கொண்டுபோகலாம், ஆனால் சாப்பிட்டு முடித்ததும் காருக்குள் வைத்து மூடிவிட வேண்டும். வெளியே மேசையில் ஒரு நிமிடம் விட்டுப் போனாலும் குற்றம். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொன்றுவிட நேர்கிறது.

அவன் அன்றைக்கே கார்டினரில் சமையலறையுள்ள வீடு ஒன்றை இரண்டு இரவுக்குப் பிடித்துவிட்டான். மேற்கில் அறை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான். அயித்தான், "விடியக்காலம் அஞ்சரைக்கு அந்தக் குளிர்ல எதுக்கு?" என்று ஆரம்பித்தார். ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஆத்தா, கையை நிறுத்தாமல், "மாப்பிள்ளை, அந்தக் குட்டி இன்னேரம் பெரிசாயிருக்கும், பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள். என் வீட்டுக்காரரின் பைனாகுலரைத் துடைத்து, புது வார் மாட்டி, ஆச்சியின் பெட்டியில் கம்பளித் தொப்பிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.